முகாம் என்ற சொல்லும் மூன்று கல் அடுப்பும்

சென்ற மாத உரையில் கூடாரமடித்து வெளியில் சமைப்பது பற்றிப் பேசியிருந்தேன். கேட்ட சிலர் தொலைபேசியில், "என்னென்ன சாமான் வாங்க வேணும் எண்டு எழுத்தில தாருங்கோ" என்று கேட்டார்கள். அன்று நேரம் போதாமல் விட்டுவிட்டவையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொடங்கியது. ஆறாம் ஆண்டில் படித்த மகள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள். நவம்பரில் மூன்று நாள் பாடசாலை காம்ப். இந்த நாட்டில் இது பிள்ளைகளுக்குப் பெரிய திருவிழா மாதிரி. நான் அதை வாசித்து, "முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம்" என்று அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

"முகாமோ? நாங்கள் முகாமில இருந்தது காணாதே மோனை? காசும் குடுத்துப் பிள்ளையை வேற அனுப்பப் போறியோ?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் குடும்பமும் நடந்தது. மீசாலையில் ஒரு மாமரத்துக்குக் கீழே படங்கு கட்டி இருந்தோம். பிறகு வன்னி, பிறகு படகு, பிறகு இராமேஸ்வரத்துக்கு இப்பால் மண்டபம் முகாம். அம்மாவுக்கு அந்தச் சொல்லில் வரிசையும் பதிவும் எண்ணிக் கொடுத்த அரிசியும்தான் இருக்கின்றன. இங்கே வாழும் பல வீடுகளில் இந்தச் சொல் இப்படித்தான் கேட்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளை காம்ப் போகாமல் நின்றுவிட்ட இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும். காரணம் கேட்டால் "குளிர்" என்பார்கள்.

அதனால் ஒரு முடிவெடுத்தோம். மகள் போவதற்கு முன் வீட்டில் எல்லோரும் ஒருமுறை போய் ஒரு இரவு தங்கிப் பார்ப்பது. ஏப்ரல் விடுமுறையில் நகரத்துக்கு வடக்கே வெண்டர்ஹோம் பூங்காவில் இடம் பதிவு செய்தோம். ஒக்லாந்தின் முதலாவது பிராந்தியப் பூங்கா அது, 1965இல் திறந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புஹோய் ஆற்றுக் கழிமுகம், நடுவில் பெரிய பொஹுட்டுக்காவா மரங்கள். அம்மா காரை விட்டு இறங்கி மரத்தை அண்ணாந்து பார்த்து, "நல்ல நிழல்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளில் விற்கும் பெட்டி போன்ற ஒற்றை அடுப்பு ஒன்று வாங்கியிருந்தேன். பக்கத்தில் 220 கிராம் பியூட்டேன் ரின்னைப் படுக்க வைத்துப் பூட்டுவது. அதன்மேல், ஏழு பேருக்குச் சோறு என்று, வீட்டிலிருந்த பெரிய சருவத்தைத் தூக்கி வைத்தேன். காற்று அடித்தது, சுற்றிவர அலுமினியத்தாளால் மறைப்பும் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் ரின் இருக்கும் மூடியைத் தொட்ட மனைவி கையை எடுத்துக்கொண்டார். சுட்டது. உடனே அணைத்தோம்.

நடந்தது இதுதான். பாத்திரம் அடுப்பைவிட அகலமாகி ரின்னின் மேலும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பட்ட சூடு திரும்பி ரின்னில் விழுந்தது; நான் கட்டிய மறைப்பு அந்தச் சூட்டை வெளியே போக விடவில்லை. சூடேற ஏற உள்ளே அமுக்கம் கூடும். கடைசியில் ரின் வெடிக்கும். ஆகவே இந்த அடுப்பில் ரின் பக்கம் நீட்டாத சிறிய பாத்திரம் மட்டும்தான் வைக்கலாம். பெரிய தட்டோ தோசைக்கல்லோ வைக்கக்கூடாது. காற்றுக்கு மறைப்பு வேண்டுமென்றால் காரையோ மேசையையோ தள்ளி நிறுத்துங்கள், அடுப்பைச் சுற்றிக் கட்டாதீர்கள். எங்களைப்போல் ஆட்கள் கூடிய குடும்பத்துக்கு, குழாயால் இணைக்கும் எல்பிஜி சிலிண்டரும் இரண்டு எரிமுகமுள்ள அடுப்பும்தான் சரி. சிலிண்டரை அடுப்பிலிருந்து தள்ளி நிமிர்த்தி வைக்கலாம். பழைய சிலிண்டர் யாராவது தந்தால் அதன் கழுத்தில் அடித்திருக்கும் திகதியைப் பாருங்கள். இங்கே பத்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்; காலம் கடந்திருந்தால் காஸ் நிரப்ப மாட்டார்கள்.

குளிர்காலத்தில் பியூட்டேன் ரின் ஏன் சீராக எரிவதில்லை என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். பியூட்டேன் பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே வந்தால் ஆவியாவதே நின்றுவிடும். அதற்கு முன்னரே சோரும். புரொப்பேன் அப்படியல்ல, அது பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். ஒக்லாந்தில் கோடைக்கு எதுவும் சரி. ரோட்டோருவா, ரொங்கரிரோ பக்கம் குளிரில் போகிறவர்கள் புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள்.

இனி நான் எத்தனை முறையும் சொல்லத் தயாராக இருக்கிற ஒன்று. கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் மூட்டாதீர்கள். மழை பெய்தாலும் சரி, கதவைத் திறந்து வைத்தாலும் சரி. எரிந்து முடிந்த கரி அடுப்பைக் குளிர் காய உள்ளே எடுத்து வைப்பதும் கூடாது. காபன் மொனொக்சைட் என்ற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, நித்திரை மயக்கம் வரும், நித்திரையோடு போய்விடுவார்கள். அப்படி யாருக்காவது மயக்கம் கண்டால் உடனே வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 111ஐ அழையுங்கள்.

அன்றிரவு மழையும் வந்தது. சோறு அரைவேக்காடு. பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்தோம். அம்மா மட்டும், "மூண்டு கல்லு வைச்சு மூட்டியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார்.

அம்மா சொன்னது உண்மை. ஆனால் அங்கே முடியாது. ஒக்லாந்தின் பிராந்தியப் பூங்காக்களில் விறகு அடுப்பு மூட்ட அனுமதியில்லை, காஸ் மட்டும்தான். கடற்கரைகளிலும் நினைத்தபடி நெருப்பு வைக்க முடியாது. தனியார் காணியானாலும் முதலில் தீயணைப்புச் சேவையின் காலநிலையைப் பார்க்க வேண்டும். மூன்று நிலை இருக்கிறது. திறந்த காலம் என்றால் காணிக்காரர் சம்மதத்தோடு மூட்டலாம். கட்டுப்பாட்டுக் காலம் என்றால் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். தடைக் காலம் என்றால் வெளியில் நெருப்பே கூடாது. இது இடத்துக்கு இடம், வாரத்துக்கு வாரம் மாறும். 'செக் இற்ஸ் ஓல்றைற்' என்ற தீயணைப்புச் சேவையின் இணையத்தளத்தில் நீங்கள் போகும் இடத்தைக் கொடுத்தால் சொல்லிவிடும். ஆங்கிலம் கடினம் என்றால் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

ஜூலையில் வைக்காட்டோ பக்கம் ஒரு நண்பரின் பண்ணையில் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே அப்போது திறந்த காலம். அம்மா காரிலிருந்து இறங்கியதும் கல் தேடத் தொடங்கினார். நண்பரின் மகன் ஓடிப்போய் ஓடையிலிருந்து உருண்டையான அழகான கல் மூன்றைக் கொண்டுவந்தான். அம்மா அவற்றைத் தள்ளிவிட்டார். "ஆத்துக்கல்லு வெடிக்கும்." கல்லுக்குள் ஊறியிருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகி, போக வழியில்லாமல் கல்லைப் பிளக்கும். துண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஹாங்கி போடும் மாவோரி மக்களும் இதனால்தான் கல்லைப் பார்த்துத் தெரிந்து, நல்ல கல்லைப் பல வருடம் வைத்திருந்து பாவிக்கிறார்கள். எங்களுக்குக் கொட்டிலின் பின்னால் கிடந்த காய்ந்த செங்கட்டிகள் கிடைத்தன.

விறகிலும் கவனம் வேண்டும். கட்டட வேலையில் மிஞ்சிய பலகை, வேலிக்கட்டை எதையும் எரிக்காதீர்கள். இங்கே வெளியில் பாவிக்கும் பைன் மரத்துக்குப் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆசனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்தப் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. காட்டில் மரம் முறிப்பதும் குற்றம். கடையில் விற்கும் காய்ந்த மானுக்கா விறகு விலை கூடினாலும் அடர்த்தியான தணல் தரும். பற்றவைக்க, ஊரில் பன்னாடையும் பொச்சும் வைப்போமே, அதற்குப் பதிலாக முட்டைப் பெட்டியும் காய்ந்த பைன் காயும் போதும்.

சமையலில் ஒரே ஒரு இரகசியம்தான்: சுவாலையில் சமைப்பதில்லை, தணலில் சமைப்பது. நாங்கள் எல்லோரும் நெருப்பு நன்றாக எரியும்போது பாத்திரத்தை வைத்துவிடுகிறோம். அடி கருகி மேல் வேகாது. முக்கால் மணி நேரம் முன்னதாகவே மூட்டி, விறகு இறங்கித் தணலானபின் பரப்புங்கள். ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் மெல்லியதாக. கொதிக்க வைப்பது அந்தப் பக்கம், வேகவிடுவது இந்தப் பக்கம். பாத்திரம் இருக்கும் உயரத்தில் கையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு எண்ணுவதற்குள் சுட்டால் ரொட்டிக்குச் சூடு கூட; ஐந்தாறு எண்ண முடிந்தால் கோதுமை மா ரொட்டிக்குச் சரி. பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிவிட்டு வைத்தால் கரி கழுவும்போது வழுக்கிக்கொண்டு போகும். அம்மா ஊரில் இதற்குச் சாம்பலும் மண்ணும் பூசுவார்.

அன்று அம்மா வைத்தது ஒடியல் கூழ். மா இங்கே தமிழ்க் கடையில் வாங்கியது. அதை முதலிலேயே தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட வேண்டும், கைப்புப் போவதற்கு. மரவள்ளி, பயற்றங்காய், ஒரு பிடி அரிசி முதலில் அவியும். பிறகு நண்டு, இறால், மீன் துண்டுகள். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் பிறகு. மா கடைசியில்தான், அதுவும் தடித்த தணலிலிருந்து மெல்லிய தணலுக்கு மாற்றியபின், கை எடுக்காமல் துழாவ வேண்டும். இல்லாவிட்டால் அடி பிடித்துவிடும். பிலா இலைக்கு இங்கே எங்கே போவது, தேநீர்க் கோப்பையில்தான் குடித்தோம்.

துழாவிக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகவே மீசாலைக் கதையைச் சொன்னார். ஈர விறகு, எரியாத அடுப்பு, பக்கத்து மரத்துக்குக் கீழே இருந்த ஒரு தாய் தன் தணலில் ஒரு கரண்டி எடுத்துத் தந்தது. அந்தத் தணலை நானும் சின்ன வயதில் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். எனக்கு நினைவில்லை. மகள், "அப்பம்மா, நீங்கள் எத்தனை நாள் மரத்துக்குக் கீழ இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். இருபத்தேழு வருடத்தில் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

அணைப்பதையும் சொல்ல வேண்டும். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். மண்ணுக்குக் கீழே தணல் மணிக்கணக்காகச் சூடாக இருக்கும், அடுத்த நாள் ஒரு பிள்ளை வெறுங்காலோடு மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுச் சூடில்லை என்று கண்டபின் போங்கள்.

இனிச் சாமான். கடைக்குப் போனால் எல்லாம் அவசியம் போலத் தெரியும். என் அனுபவத்தில் காசு செலவழிக்க வேண்டிய முதல் பொருள் கூடாரமல்ல, கீழே விரிக்கும் மெத்தை. உடம்புச் சூட்டை நிலம் இழுத்துவிடும். காற்று ஊதும் பெரிய மெத்தை மெதுவாக இருக்கும், ஆனால் உள்ளிருக்கும் காற்றே குளிர்ந்துவிடும். வெண்டர்ஹோமில் நடுங்கியது அதனால்தான். நுரை மெத்தை மலிவு, அதுவே நல்லது. கூடாரத்தில் நான்கு பேர் என்று போட்டிருந்தால் நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம். நான்கு பேருக்கு ஆறு பேர் கூடாரம் பாருங்கள். மழை தாங்கும் அளவை மில்லிமீற்றரில் எழுதியிருப்பார்கள், அவ்வளவு உயரத் தண்ணீரைத் துணி தாங்கும் என்பது பொருள். ஒக்லாந்து மழைக்கு 2000க்குக் குறையாமல் எடுங்கள். வாங்கியதும் வீட்டு முற்றத்தில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். இருட்டில் முதல் தடவை அடிக்கக்கூடாது. தூங்கும் பையில் ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கும். 'கம்போர்ட்' என்பதைப் பாருங்கள்.

ஜீன்ஸும் பருத்தி மேலாடையும் நனைந்தால் காயாது. கம்பளி அல்லது பிளீஸ் கொண்டுபோங்கள், பழைய துணிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். தலையில் கட்டும் ரோச் ஒன்று ஆளுக்கு ஒன்று இருந்தால் கை இரண்டும் சமையலுக்கு மிஞ்சும். காஸ் மிச்சம் பிடிக்க, அரிசியை அரை மணி நேரம் ஊறப்போட்டு, ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, மூடியோடு துவாயில் சுற்றி ஒரு போர்வைக்குள் வைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்தில் சோறு தானே அவிந்திருக்கும். கடலையை விட்டு மைசூர்ப் பருப்பைக் கொண்டுபோங்கள்.

இந்தச் சாமான் அலுமாரிக்குள் சும்மா கிடக்கும் என்று மனைவி முணுமுணுத்தார். 2023 பெப்ரவரியில் கப்ரியேல் சூறாவளி வந்து எங்கள் பக்கம் மின்சாரம் நின்றபோது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து அந்த அடுப்பில்தான் தேநீர் வைத்தோம். வீட்டுக்குள் அல்ல, வெளியே விறாந்தையில்.

மகள் நவம்பரில் காம்ப் போனாள். பையை அடுக்கியது அம்மா. மூன்று நாளும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். திரும்பி வந்தவள், மாவைப் பிசைந்து தடியில் சுற்றித் தணலில் சுட்டுத் தந்தார்கள், அதற்குப் பெயர் டாம்பர் என்று சொன்னாள். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"தேங்காய்ப்பூ போடேல்லையோ?"