ஒரு கிளட்ச் கேபிளுக்கு எத்தனை மீட்டர் நடக்கணும்?

தர்மபுரி பக்கத்துல ஒருத்தரோட லோடு ஆட்டோ, கிளட்ச் கேபிள் அறுந்து மெக்கானிக் ஷெட்டுல நிக்குதுன்னு வச்சுக்குங்க. ஊர்க் கடையில அந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை. டீலர் சிஸ்டத்துல ஆர்டர் போட்டுட்டார். கேபிள் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல. இன்னிக்கு ராத்திரி கிளம்புற பார்சல் வண்டியைப் பிடிச்சா நாளைக்கு ஆட்டோ ஓடும். விட்டுட்டா இன்னொரு நாள் வருமானம் போச்சு. மாசத் தவணை மட்டும் நிக்காது.

அந்த கேபிளை ரேக்குல தேடி எடுத்து பேக்கிங் டேபிளுக்குக் கொண்டுவர்ற வேலைக்குப் பேர்தான் ஆர்டர் பிக்கிங். கேட்க ரொம்பச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனா ஒரு வேர்ஹவுஸை நடத்துற செலவுல பாதிக்கு மேல இதுக்குத்தான் போகுதுன்னு பாடப்புத்தகங்கள் சொல்லுது. பிக்கரோட நேரத்தைப் பிரிச்சுப் பார்த்தா, அதுலயும் பாதிக்கு மேல, சுமார் 55%, வெறும் நடை. பொருளைக் கையில எடுக்கிற நேரம் சுமார் 10% தான். அதாவது நாம சம்பளம் கொடுக்கிறது எடுக்கிறதுக்கு இல்ல, நடக்கிறதுக்கு.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இதுல தான். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் வேர்ஹவுஸுக்குச் சில வாரம் போய்ட்டு வந்தோம் (பேர் வேண்டாம்). தகரக் கூரை, ஏப்ரல் வெயில். மத்தியானத்துக்கு மேல பிக்கிங் பண்ற அண்ணன்களும் அக்காக்களும் ஃபேன் இருக்கிற சந்து வழியா சுத்திப் போறதை முதல் நாளே பார்த்துட்டோம். எந்த ரூட்டிங் அல்காரிதத்துலயும் ஃபேனுக்கு ஒரு வேரியபிள் கிடையாது.

விஷயத்துக்கு வருவோம். எந்த பிக்கிங் முறை நல்லதுன்னு கூகுள்ல தேடினா ஒரு பட்டியல் வரும். ஒரு ஆர்டரை ஒருத்தரே முழுசா எடுக்கிறது சிங்கிள் ஆர்டர் பிக்கிங். பல ஆர்டர்களைச் சேர்த்து ஒரே நடையில எடுக்கிறது பேட்ச் பிக்கிங். இடத்தைப் பிரிச்சு ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்தா ஜோன் பிக்கிங். வண்டி கிளம்புற நேரத்தை வச்சு ஆர்டர்களை அலை அலையா இறக்கினா வேவ் பிக்கிங். செமஸ்டர்ல இதை எழுதினா மார்க் வரும். ஆனா எதை எங்க போடணும்னு அந்தப் பட்டியல் சொல்லாது. அதுக்கு ஒரு குட்டிக் கணக்குப் போட்டாகணும்.

ஒரு வேர்ஹவுஸைக் கற்பனை பண்ணிக்குங்க. ரேக்குகளுக்கு நடுவுல 10 சந்து, ஒவ்வொண்ணும் 30 மீட்டர் நீளம். ஒரு சந்துல இருந்து அடுத்த சந்துக்கு 4 மீட்டர். முன்னாடியும் பின்னாடியும் குறுக்குப் பாதை இருக்கு. பேக்கிங் டேபிள் முதல் சந்தோட வாசல்ல. பொருள்கள் எல்லா இடத்துலயும் சமமாப் பரவியிருக்கு.

இப்போ ஒரே ஒரு பொருள் இருக்கிற ஆர்டர் வருது. சராசரியா பக்கவாட்டுல 18 மீட்டர், சந்துக்குள்ள 15 மீட்டர். போக வர 66 மீட்டர். இப்படி 20 ஆர்டரைத் தனித்தனியா எடுத்தா 1,320 மீட்டர். அதே 20 ஆர்டரை ஒரு ட்ராலியில ஒரே சுத்துல எடுத்தா? முதல் சந்துல நுழைஞ்சு பின்பக்கமா வெளிய வந்து, அடுத்த சந்துல பின்னாடி இருந்து முன்னாடி வந்து, இப்படிப் பாம்பு மாதிரி வளைஞ்சு 10 சந்தையும் முடிச்சாலும் 300 மீட்டர். கூட குறுக்கே போக வர 72. மொத்தம் அதிகபட்சம் 372 மீட்டர். ஒரு பொருளுக்கு 66 மீட்டரா இருந்தது 19 மீட்டருக்குள்ள வந்துடுச்சு. ட்ராலி தள்ளிக்கிட்டு நொடிக்கு ஒரு மீட்டர்னு வச்சாலும் ஒரு பொருளுக்கு 47 நொடி மிச்சம்.

அப்போ எல்லாத்தையும் பேட்ச் போட்டுட வேண்டியதுதானேன்னு தோணும். இங்க தான் பலரும் சறுக்குற இடம்.

டீலர் தன் கடைக்கு வாராவாரம் போடுற ஸ்டாக் ஆர்டரை எடுத்துக்குங்க. அதுல 40 வகைப் பொருள் இருக்கும். அந்த ஒரு ஆர்டருக்கே கிட்டத்தட்ட எல்லா சந்துலயும் நுழைஞ்சாகணும். 372 மீட்டரை 40ஆல வகுத்தா ஒரு பொருளுக்கு 9.3 மீட்டர். ரெண்டு ஸ்டாக் ஆர்டரைச் சேர்த்து எடுத்தா அது 4.65 ஆகும். மிச்சம் 5 நொடி கூட இல்ல. ஆனா சேர்த்து எடுத்ததைத் திரும்பப் பிரிக்கணுமே? லேபிளைப் படிச்சு, இது யாரோட பெட்டின்னு பார்த்து, ஸ்கேன் பண்ணிப் போடுறதுக்கே அந்த 5 நொடி போயிடும். மேல, சைலன்ஸரும் பம்பரும் ரெண்டு ஆர்டருக்குச் சேர்த்து ஒரே ட்ராலியில ஏறாது.

ஆக, நீங்க தராசுல வைக்க வேண்டியது ரெண்டே ரெண்டு விஷயம். சேர்த்து எடுக்கிறதால ஒரு பொருளுக்கு மிச்சமாகுற நடை நேரம் ஒரு தட்டுல. அதே பொருளை அந்தந்த ஆர்டருக்குப் பிரிக்க ஆகுற நேரம் இன்னொரு தட்டுல. முதல் தட்டு கனமா இருந்தா சேருங்க. இல்லாட்டி விட்டுடுங்க.

இதுல ஒரு அழகு இருக்கு. ஒரு பொருள் ஆர்டர்களை மட்டும் சேர்த்து எடுத்தா ரெண்டாவது தட்டு கிட்டத்தட்ட காலி! ஏன்னா ஒவ்வொரு பொருளும் தனி ஆர்டர். ஸ்கேன் பண்ணினா எந்த விலாசத்துக்குப் போகணும்னு லேபிள் அடிச்சு வந்துடும். ரெண்டு பேர் ஒரே மாடல் கேபிள் கேட்டிருந்தா, எது யாருக்குப் போனாலும் ஒண்ணுதான். நாம ஹாஸ்டல்ல இருந்து ஆளுக்கொரு சார்ஜர் கேபிள் ஆர்டர் போடுறோமே, ஆன்லைன் கம்பெனிகளுக்கு அந்த மாதிரி ஆர்டர் இந்த வகையில சுலபமான ஆர்டர். ஷாம்பு, நோட்டு, செருப்புன்னு மூணும் சேர்த்துக் கேட்டா தான் பிரிக்கிற தலைவலி.

அந்தத் தலைவலிக்கு ரெண்டு வழி இருக்கு. ட்ராலியிலயே ஆர்டருக்கு ஒரு பெட்டி வச்சு, எடுக்கும்போதே பிரிச்சுப் போடலாம். இல்லாட்டி மொத்தமா அள்ளிட்டு வந்து பிறகு ஒரு பெரிய அலமாரித் தடுப்புகள்ல பிரிக்கலாம். முதல் வழியில ஒரு ஆபத்து இருக்கு. சரியான பொருளைத் தப்பான பெட்டியில போட்டா கெட்டுப்போறது ஒரு ஆர்டர் இல்ல, ரெண்டு. ஒருத்தருக்குக் கேட்காதது போகும், இன்னொருத்தருக்குக் கேட்டது போகாது. பெட்டி மேல விளக்கு எரியுற ட்ராலி விற்கிறாங்களே, அது வேகத்துக்கு மட்டும் இல்ல, இந்தத் தப்பைக் குறைக்கவும் தான்.

சரி, உங்க வேர்ஹவுஸுக்கு வர்றது எந்த வகை ஆர்டர்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு சராசரி எண்ணைத் தான் பதிலாச் சொல்வாங்க. அதை நம்பாதீங்க. 100 ஆர்டர்ல 80 ஒரு பொருள் ஆர்டர், மீதி 20 ஆர்டர்ல தலா 40 பொருள்னு வச்சுக்குங்க. மொத்தம் 880 பொருள். சராசரி 8.8. ஆனா 8 பொருளோ 9 பொருளோ இருக்கிற ஆர்டர் அங்க ஒண்ணு கூடக் கிடையாது! அந்த 8.8ஐ வச்சு ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தா, இல்லாத ஆர்டருக்கு வேர்ஹவுஸ் நடத்துற மாதிரி. எக்செல்ல ஒரு பிவட் டேபிள் போட்டு, 1 பொருள் ஆர்டர் எத்தனை, 2-5 எத்தனை, 20க்கு மேல எத்தனைன்னு பாருங்க. அரை மணி நேர வேலை. என்னைக் கேட்டா, எந்த சாஃப்ட்வேர் டெமோ பார்க்கிறதுக்கும் முன்னாடி பண்ண வேண்டியது இது.

ஸ்பேர் பார்ட்ஸ்ல இந்த ரெண்டு திமிலும் நல்லாவே தெரியும். ஒரு பக்கம் நீளமான ஸ்டாக் ஆர்டர். இன்னொரு பக்கம் விஓஆர், அதாவது வண்டி ஓடாம நிக்குது, உடனே வேணும்னு வர்ற ஒண்ணு ரெண்டு பொருள் ஆர்டர். நம்ம தர்மபுரி கேபிள் இந்த ரகம். ரெண்டையும் ஒரே வரிசையில விட்டா, 40 பொருள் ஆர்டர் நாலுக்குப் பின்னாடி அந்த ஒத்தை கேபிள் காத்துக்கிட்டு இருக்கும்.

அதனால அவசர ஆர்டர் வந்ததும் ஒருத்தர் ஓடிப்போய் எடுக்கணும்னு தான் எல்லாருக்கும் தோணும். பார்க்கவும் நல்லா இருக்கும். ஆனா பார்சல் வண்டி ராத்திரி 8 மணிக்குத் தானே கிளம்புது? மதியம் 2 மணிக்கு எடுத்த கேபிளும் மாலை 6 மணிக்கு எடுத்த கேபிளும் ஒரே வண்டியில தான் போகுது. ஒவ்வொண்ணுக்கும் 66 மீட்டர் ஓடுறதை விட, ஆர்டர்களைச் சேர்த்து வச்சு, வண்டிக்கு முன்னாடி பேக்கிங்குக்குப் போதுமான நேரம் விட்டு ஒரே சுத்துல எடுத்தா யாருக்கும் நஷ்டம் இல்ல. கடைசி நேரத்துல வர்ற ரெண்டு மூணை மட்டும் ஓடிப்போய் எடுங்க. வேவ் பிக்கிங்கோட உயிர் இது தான்: ஆர்டர் வந்த நேரம் இல்ல, வண்டி கிளம்புற நேரம் தான் கடிகாரம்.

பத்து நிமிஷ டெலிவரி கடைகளுக்கு இந்தக் கணக்கே தலைகீழ். அங்க சேர்த்து வைக்க நேரம் கிடையாது, இடமும் சின்னது, நடையும் குறைவு. அதனால ஒரு ஆர்டருக்கு ஒரு ஆள் போறது அங்க சரியான விடை.

ஜோன் பிக்கிங் பத்திச் சுருக்கமா. இடம் ரொம்பப் பெருசு, ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிறாங்கன்னா இடத்தைப் பிரிக்கலாம். பிரச்சினை என்னன்னா, ஒரு ஜோன்ல வேலை குவியும், பக்கத்து ஜோன்ல ஒருத்தர் சும்மா நிப்பார். இதுக்கு பார்தோல்டி, ஐசன்ஸ்டைன்னு ரெண்டு பேராசிரியர்கள் 1996ல ஒரு கட்டுரையில எழுதின யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லைக் கோடே போடாதீங்க. வரிசையில மெதுவா வேலை செய்றவர் முதல்ல, வேகமானவர் கடைசியில. கடைசி ஆள் ஒரு ஆர்டரை முடிச்சதும் பின்னாடி நடந்து வந்து முந்தைய ஆள் கையில இருக்கிற வேலையை வாங்கிக்குவார். அவர் அவருக்கு முந்தையவர்கிட்ட வாங்குவார். முதல் ஆள் புது ஆர்டரை ஆரம்பிப்பார். இப்படியே ஓட விட்டா வேலை தானா சமமாப் பிரிஞ்சுக்கும்னு கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்காங்க. சூப்பர்வைசர் கத்தத் தேவையில்ல.

சிஎஸ்இ மக்களுக்கு ஒரு தகவல். எல்லாப் பொருளையும் எடுக்க மிகக் குறைஞ்ச நடை எது? இது டிராவலிங் சேல்ஸ்மேன் ப்ராப்ளம், அதனால கஷ்டம்னு பாய்ஞ்சுடாதீங்க. முன்னாடியும் பின்னாடியும் மட்டும் குறுக்குப் பாதை இருக்கிற இந்த மாதிரி அமைப்புல அதை டைனமிக் ப்ரோக்ராமிங்ல வேகமாவே தீர்க்கலாம்னு 1983லயே ராட்லிஃப், ரோசன்தால் காட்டிட்டாங்க. உண்மையிலேயே கஷ்டம் எந்த ஆர்டரை எதோட சேர்க்கிறதுங்கிறதுல தான். ஒரு பேட்சுக்கு ரெண்டு ஆர்டரைத் தாண்டினா அது என்பி-ஹார்ட். ஆனா மிகக் குறைஞ்ச பாதைன்னு டேப்லெட் காட்டுறது சில சமயம் பாதி சந்து வரைக்கும் போய்த் திரும்பு, அப்புறம் சுத்தி மறுபக்கமா வான்னு விசித்திரமா இருக்கும். நாங்க பார்த்த இடத்துல பாதிப் பேர் அதைக் கண்டுக்கவே இல்ல. பாம்பு வழி சில மீட்டர் கூடுதலா இருந்தாலும் மனசுல நிக்கும், ஆளும் அதுல தான் நடப்பார்.

இன்னொண்ணு. முறையை மாத்துறதுக்கு முன்னாடி பொருளோட இடத்தை மாத்திப் பாருங்க. அடிக்கடி போற ஆயில் ஃபில்டர் கடைசிச் சந்துல இருந்தா எந்த முறையும் காப்பாத்தாது. எவ்வளவு இடம் பிடிக்குது, எவ்வளவு அடிக்கடி போகுது, இந்த ரெண்டோட விகிதத்தை வச்சுப் பொருளை அடுக்குற யோசனையை 1963லயே ஹெஸ்கெட் எழுதிட்டார். சின்னதா, வேகமாப் போறது வாசலுக்குப் பக்கம். அதுக்காக வேகமாப் போற எல்லாத்தையும் முதல் சந்துலயே திணிச்சா அங்க ட்ராலி ஜாம் ஆகும். ரெண்டு மூணு சந்தோட வாசல் பக்கமாப் பிரிச்சு வைங்க.

ரோபோ? 2012ல அமேசான் 775 மில்லியன் டாலர் கொடுத்து கிவாங்கிற கம்பெனியை வாங்கினது, ரேக்கையே ஆள்கிட்ட தூக்கிக்கிட்டு வர்ற ரோபோவுக்காக. நடையே இல்லாம பண்றது தான் அதோட முழு லாஜிக். நல்ல விஷயம் தான். ஆனா நம்ம கணக்குல 66 மீட்டரை 19க்குக் கொண்டுவர ஒரு ட்ராலியும் ஒரு எக்செல் ஷீட்டும் போதுமா இருந்துச்சு. முதல்ல அதைப் பண்ணிட்டு, மிச்சம் இருக்கிற நடைக்கு ரோபோ கட்டுப்படியாகுமான்னு பாருங்க.

ஜூனியர்ஸ் யாராவது இதே தலைப்புல ப்ராஜெக்ட் எடுக்கிறதா இருந்தா, கம்பெனியில டேட்டா கேட்கும்போது ஆர்டர் வந்த நேரத்தோட வண்டி கிளம்பின நேரத்தையும் கேளுங்க. சிஸ்டத்துல இல்லைன்னு சொன்னா செக்யூரிட்டி ரூம்ல கேட் ரெஜிஸ்டரைப் பாருங்க, அங்க பேனாவுல எழுதி வச்சிருப்பாங்க.