பைன் மரத்தை அறிவது எப்படி?

மேட்டுப்பாளையம் கடந்து மலையேறி உதகையை அணுகும் கொங்கு நாட்டுப் பிரயாணி, சரிவிலே நெடிதோங்கிய பைன் விருட்சத்தை நம் மலைக்கே உரியதென்று கருதக்கூடுமாயினும், அதன் ஊசியிலைகள் மும்மூன்றாய்க் கூடி, அவிழ்த்த கூந்தலெனத் தொங்குமாயின், அது மெக்ஸிகோ தேசத்துப் பைனஸ் பாடுலா என்று துணியலாம். அடிமரத்திலே தடித்து வெடித்துச் சாம்பல் படர்ந்த பட்டை, மேலே செம்பொன் நிறமுற்றுக் காகிதம்போல் மெல்லியதாய் உரிகிறது. கிளைகள் வட்டம் வட்டமாய் எழுந்தாலும், ஒரே வருஷத்தில் பல வட்டங்கள் தோன்றுவதால், அவற்றை எண்ணி மரத்தின் வயதைக் கணிப்பது பிழை. எனக்குப் பேராச்சரியம் அளிப்பது கூம்பே: கொத்தாய்க் கிளையை இறுகப் பற்றி, பிசின் பூட்டிய செதில்களுக்குள் வித்துக்களை ஆண்டுக்கணக்கில் காத்து, உஷ்ணம் அப்பிசினை இளக்கிய பின்னரே சிறகுள்ள அவ்வித்துக்களைக் காற்றிலே விடுகிறது. தென்னிந்தியாவின் சுதேசக் கூம்பினம் நகேயா ஒன்றே. அகன்ற இலையுடைய அதற்கு இத்தகைய மரக்கூம்பு கிடையாது.