பேரப்பிள்ளைக்குச் சிறுநீரகக் கல்: எந்தச் சிகிச்சை?

சிறுநீரகக் கல் பிள்ளைகளுக்கும் வரும். வயிறோ விலாவோ வலிக்கிறது என்று பேரப்பிள்ளை அழுதாலும், சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலியுடன் காய்ச்சலோ விடாத வாந்தியோ இருந்தால், அல்லது சிறுநீரே வராவிட்டால், காத்திருக்க வேண்டாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள்.

முதலில் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். அதில் கதிர்வீச்சு இல்லை.

கல்லின் அளவையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்தே சிகிச்சை முடிவாகும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பல நேரங்களில் தானாகவே வெளியேறிவிடும். அதுவரை வலிக்கு மருந்து தருவார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். சிறுநீரை வடிகட்டிப் பாருங்கள். கல் கிடைத்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வெளியேறாத கல்லை அதிர்வலை மூலம் உடைக்கலாம். உடலில் வெட்டு இல்லை. ஆனால் சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். ஒரே முறையில் முடியாமலும் போகலாம். சிறுநீர் வெளிவரும் பாதை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, லேசரால் உடைப்பது இன்னொரு வழி. 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லைப் பொதுவாக முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு எடுப்பார்கள். "சின்னப் பிள்ளைக்கு ஆபரேஷனா?" என்று தடுக்காதீர்கள். அடைப்பு நீடித்தால் சிறுநீரகமே கெடலாம்.

தேக்கா சந்தையில் வாழைத்தண்டு வாங்கிச் சமைத்துக் கொடுப்பதில் தவறில்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. பாலையும் நிறுத்த வேண்டாம்; வளரும் பிள்ளைக்குக் கால்சியம் தேவை. ஊறுகாய், சிப்ஸ், உடனடி நூடல்ஸ் போன்ற உப்பு மிகுந்தவற்றைக் குறையுங்கள்.

பிள்ளைகளுக்கு மீண்டும் கல் வர வாய்ப்புண்டு. அதனால் காரணத்தைக் கண்டறிய இரத்தமும் சிறுநீரும் சோதிப்பார்கள். குடும்பத்தில் முன்பு யாருக்கெல்லாம் கல் இருந்தது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.