கோட்டை தெர்மாகோல்... சாரல் நிஜம்! குறைந்த பட்ஜெட்டில் சரித்திரப் படம் எப்படி எடுக்கிறாங்க? தென்காசியில் இருந்து ஒரு விளக்கம்

2023 ஏப்ரல் கடைசி பத்து நாள். தமிழ் சினிமாவில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

ஏப்ரல் 21-ம் தேதி 'யாத்திசை' வெளியானது. பெரும்பாலும் புதுமுகங்கள் நடித்த, சிறிய பட்ஜெட் சரித்திரப் படம். ஏப்ரல் 28-ம் தேதி 'பொன்னியின் செல்வன் 2' வெளியானது. இந்த இரண்டுக்கும் நடுவில், தென்காசி மாவட்டம் மத்தளம்பாறை பக்கம் நடந்துகொண்டிருந்த 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பை, உரிய அனுமதி இல்லை என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது.

பழைய காலத்தைத் திரையில் கொண்டுவர என்னவெல்லாம் தேவை என்பதை இந்த மூன்றும் மூன்று கோணத்தில் காட்டுகின்றன. பணம் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி. ஆனால் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படம் எடுக்கிற ஊருக்கும் அங்கே வேலை செய்கிற ஆட்களுக்கும் ஒரு விலை உண்டு. அது என்ன? பார்க்கலாம்.

சரித்திரப் படம் என்றால் ஏன் இவ்வளவு செலவு?

இன்றைய காலத்துக் கதை என்றால் தெருவில் கேமராவை வைத்துவிடலாம். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, வீடு எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. சரித்திரப் படத்தில் எதுவுமே இல்லை. ஒரு குடம் வேண்டும் என்றாலும் அந்தக் காலத்துக் குடமாகத் தேட வேண்டும். உடை, நகை, ஆயுதம், குதிரை, கூட்டம் என்று ஃபிரேமில் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் பில் வரும்.

'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களுக்கும் சேர்த்து சுமார் 500 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. 'யாத்திசை'க்கு 10 கோடிக்கும் குறைவு என்று அப்போது சொல்லப்பட்டது. இரண்டும் ஒரே வாரத்தில் தியேட்டரில் ஓடின. டிக்கெட் விலை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்!

'யாத்திசை' எப்படி சமாளித்தது?

இயக்குநர் தரணி ராசேந்திரன் தேர்ந்தெடுத்த கதையிலேயே பாதி பதில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் ரணதீரனை எதிர்த்து, எயினர் என்ற சிறிய குடி போருக்குப் போகிறது. எயினர் என்றால் பாலை நிலத்து மக்கள், கொற்றவையை வணங்குகிறவர்கள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். படத்தின் பெயருக்கும் தென் திசை என்றுதான் பொருள்.

இதில் என்ன கணக்கு? கதை அரண்மனைக்குள் நடந்தால் தூண், திரை, சிம்மாசனம், விளக்கு என்று செட் போட்டே பணம் தீர்ந்துவிடும். காட்டிலும் பொட்டலிலும் நடந்தால் இயற்கையே பாதி செட். பாலை நிலத்து ஆளுக்குப் பட்டும் வேண்டாம், தங்க நகையும் வேண்டாம். புழுதி போதும்.

அடுத்து மொழி. பழந்தமிழை ஒத்த வசனத்தை நடிகர்களைப் பேசவைத்து, கீழே இன்றைய தமிழில் சப்டைட்டில் போட்டார்கள். கோடிக்கணக்கில் செட் போட்டுக் காட்ட வேண்டிய 'அந்தக் காலம்', வாயைத் திறந்ததுமே வந்துவிட்டது. இதற்கு உழைப்புதான் செலவு. பெரிய பட்ஜெட் படங்களே எடுக்கத் தயங்குகிற ரிஸ்க் இது.

சரி, தென்காசியும் குற்றாலமும் எதற்கு?

ஒரு சிறிய யூனிட்டுக்கு மிகப் பெரிய செலவு, இடம் விட்டு இடம் போவது. வேன், லாரி, ஜெனரேட்டர் எல்லாம் நகர்ந்தால் ஒரு நாள் போச்சு. தென்காசியில் அந்தத் தொல்லை குறைவு. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, அருவி, காடு. கிழக்கே போனால் சுந்தரபாண்டியபுரம் பக்கம் வயல், குளம், மொட்டைப் பாறை. இன்னும் கொஞ்சம் போனால் கரிசல் பொட்டல். குறிஞ்சி முதல் பாலை வரை எல்லாம் சின்ன வட்டத்துக்குள்ளேயே கிடைக்கும்.

சினிமாவுக்கு இது புது ஊரும் இல்லை. 'ரோஜா'வின் கிராமத்துக் காட்சிகளுக்கு சுந்தரபாண்டியபுரம்தான் பின்னணி. 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தின் பாட்டுக்காக வண்ணம் அடித்த பாறையை இன்றைக்கும் ஊர்க்காரர்கள் 'அந்நியன் பாறை' என்றுதான் சொல்கிறார்கள்.

சரித்திரமும் நிஜமாகவே இருக்கிற மண் இது. கடையநல்லூர் அருகே திருமலாபுரத்தில் பாண்டியர் காலக் குடைவரை இருக்கிறது. தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், இந்த ஊர் சினிமாவில் வருவது பெரும்பாலும் பாட்டுக்கும் பச்சை வயலுக்கும்தான். 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்தபோது போர்க் காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் வரை போனார்கள்.

கேமராவில் விழக்கூடாதது எது?

இதுதான் இங்கே பெரிய தலைவலி. அரசன் வாளை உருவுகிறான், பின்னால் காற்றாலை சுற்றுகிறது. கட்!

செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காக தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் பக்கம் ஏகப்பட்ட காற்றாலைகள் நிற்கின்றன. போதாததற்கு செல்போன் டவர், மின்கம்பி, சிமென்ட் தொட்டி. கம்ப்யூட்டரில் அழிக்கலாம்தான். ஆனால் ஷாட்டுக்கு ஷாட் அழிக்கக் காசு வேண்டுமே! அதனால் சின்ன யூனிட் கேமராவைத் தாழ்வாக வைக்கும், அல்லது மலையைப் பார்த்துத் திருப்பும். பல சரித்திரப் படங்களில் எல்லாரும் ஒரே திசையில் நின்று பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரருவி பார்க்க அழகு. ஆனால் கைப்பிடிக் கம்பியும் படிக்கட்டும் ராத்திரி பகல் பார்க்காத கூட்டமும் இருக்கிற இடத்தில் பாண்டியன் குளிக்க முடியாது. மேலே இருக்கிற செண்பகாதேவி, தேனருவி பக்கம் போகலாம் என்றால் அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை தடுப்பூசித் தழும்பு. சட்டை போடாத வீரர்களின் மேல்கையில் அது பளிச்சென்று தெரியும். மேக்கப்பில் மறைப்பார்கள், இல்லாவிட்டால் தோளில் ஒரு காப்பு ஏறும். வாட்ச் கட்டிய இடத்தில் வெளுத்த தடம், மண்ணில் டயர் தடம், செருப்புத் தடம் என்று எல்லாவற்றையும் ஷாட்டுக்கு முன்னால் ஒருவர் பார்த்து அழிக்க வேண்டும். உதவி இயக்குநர் விளக்குமாறோடு நிற்பது இதற்குத்தான்.

சீசனா? ஆஃப் சீசனா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசன். அருவியில் தண்ணீர், மலையில் மேகம், காற்றில் சாரல். கேமராமேனுக்குக் கொண்டாட்டம். புரொடக்‌ஷன் மேனேஜருக்குத் திண்டாட்டம்! லாட்ஜ் வாடகை ஏறிவிடும், ரூம் கிடைக்காது, ரோட்டில் வண்டி நகராது.

ஆஃப் சீசனில் ரூம் சல்லிசு. ஆனால் பாறை காய்ந்து கிடக்கும். ஆக, பணம் மிச்சம் பிடித்தால் தண்ணீர் இல்லை, தண்ணீர் வேண்டும் என்றால் பணம் வேண்டும்.

சாரலுக்கு இன்னொரு குணம் உண்டு. வெயில் அடித்துக்கொண்டே தூறும், அஞ்சு நிமிஷத்தில் நிற்கும், மறுபடி வரும். பேசுகிறவர் நனைந்து நிற்க, பதில் சொல்கிறவர் காய்ந்து நிற்பார். இதைச் சரிக்கட்ட, காய்ந்தவர் மேல் தண்ணீர் தெளித்துத்தான் அடுத்த ஷாட். மேற்கே மலை இருப்பதால் சாயங்கால வெளிச்சமும் சீக்கிரம் மறைந்துவிடும். அருவி பக்கம் எடுத்தால் இரைச்சலில் வசனமே கேட்காது, எல்லாம் டப்பிங்தான்.

30 பேர் எப்படி 3,000 பேர் ஆகிறார்கள்?

முதல் வரிசையில் நல்ல நடிகர்கள், நல்ல உடை, இரும்பு வாள். இரண்டாம் வரிசையில் ஃபைபர் வாள். மூன்றாம் வரிசையில் மரக்கட்டை, அதுக்கு மேல் வெள்ளி பெயின்ட். பின்னால் புழுதியும் புகையும். புகை போட்டால் ஆள் எண்ணிக்கை தெரியாது. அதே ஆட்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டினால் படை ரெடி.

கோட்டை? மரச்சட்டம், பிளைவுட், தெர்மாகோல், அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கேமரா பார்க்கிற பக்கம் மட்டும்தான் சுவர் இருக்கும். புதுத் துணியை டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்குவார்கள். இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுத்து, பிறகு நிறத்தை மாற்றி இருட்டாக்குவதும் உண்டு. ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் மிச்சம்.

துணை நடிகர்கள் எல்லாரையும் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னையில் இருந்து கூட்டி வர முடியாது. அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தும் ஆள் வருவார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து, தாடி ஒட்டி, சாந்து பூசி, வெயிலில் நாள் முழுக்க நின்று, திரையில் மூன்று நொடி தெரிகிறவர்கள் இவர்கள். பட்ஜெட் இறுகும்போது கடைசியில் பணம் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

யாரிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும்?

இந்த விஷயத்தில் சின்ன யூனிட்டுக்குச் சலுகை கிடையாது.

பொது இடம்: மாவட்ட நிர்வாகம், காவல்துறை.

சரணாலயம்: வனத்துறை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி அனுமதி தேவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு, வாழிடத்தை மாற்றாமலும் விலங்குகளுக்குப் பாதிப்பு இல்லாமலும் எடுத்தால்தான் அனுமதி என்று சட்டமே சொல்கிறது.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம்: அந்தத் துறையின் உரிமம்.

கோயில்: இந்து சமய அறநிலையத் துறை.

ட்ரோன்: 2021 ட்ரோன் விதிகளின்படி பறக்கவிடலாமா என்று பார்க்க வேண்டும்.

குதிரை, மாடு: விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி. இல்லையென்றால் படம் முடிந்த பிறகு சென்சாரில் நிற்கும். வாரியத்தின் தலைமையகம் முன்பு சென்னையில் இருந்தது, 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது.

'கேப்டன் மில்லர்' விவகாரம் சொல்வது என்ன?

1930-களில் நடக்கும் கதை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் செட். வெடிச் சத்தமும் இரவு வெளிச்சமும் விலங்குகளைக் காட்டைவிட்டு விரட்டும் என்று உள்ளூரில் புகார் கிளம்பியது. மாவட்ட நிர்வாகம் படப்பிடிப்பை நிறுத்தியது. அனுமதி கிடைத்த பிறகு வேலை தொடர்ந்தது. படம் 2024 ஜனவரி 12-ம் தேதி வெளியானது.

பெரிய நிறுவனம் சில நாள் நின்றால் தாங்கும். இதே உத்தரவு ஒரு சின்ன படத்துக்கு வந்திருந்தால்? ரூம் வாடகை, வண்டி வாடகை, சாப்பாடு, பேட்டா எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அத்தோடு படமே நின்றுபோகலாம். அனுமதிக்கு அலைவதில்தான் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பது சின்ன யூனிட் செய்கிற பெரிய தப்பு.

ஊர்க்காரர்கள் பக்கம் இருந்து பார்த்தால் இன்னொரு கணக்கு. யானை வயலுக்குள் இறங்கினால் அந்த நஷ்டம் விவசாயிக்கு. யூனிட் பேக்கப் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடும். வெடிக்கு மிரண்ட யானை எந்தப் பக்கம் போகும் என்பதை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் எது?

பாதுகாப்பு. 2020 பிப்ரவரி 19-ம் தேதி 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் சென்னையில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் உயரத்தில் இருந்து விழுந்து இறந்தார். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் கார் ஸ்டண்ட் எடுக்கும்போது இன்னொருவர் உயிர் போனது.

பணம் புழங்குகிற இடத்திலேயே இப்படி என்றால், ஆள் குறைவு, அவசரம் அதிகம் என்று ஓடுகிற யூனிட்டில் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். தீப்பந்தம், குதிரை, வழுக்குப் பாறை மூன்றும் ஒரே ஷாட்டில் வருகிற படம் இது.

குற்றாலத்தில் இதோடு தண்ணீரும் சேரும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது. மலையில் பெய்கிற மழை கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கலாக வந்தால், 'இன்னும் ஒரே ஒரு டேக்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

கடைசியாக...

அடுத்த முறை ஒரு சின்ன பட்ஜெட் சரித்திரப் படம் பார்க்கும்போது, படை சின்னதாக இருக்கிறதே, கோட்டை ஒரு பக்கம்தான் தெரிகிறதே என்று சிரிப்பு வரலாம். சிரிக்கலாம், தப்பில்லை. கூடவே இரண்டு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வரிசையில் மரவாளோடு நிற்கிறவருக்கு அன்றைய சம்பளம் வந்ததா? யூனிட் கிளம்பிய பிறகு அந்த மலையடிவாரம் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறதா?

இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்றால், தெர்மாகோல் கோட்டையாக இருந்தாலும் அது நல்ல கோட்டைதான்.