கொலுவில் பாற்கடல் கடையலாம், வாருங்கள்!

கொலு பார்க்க வரும் பெரியவர்கள் படிகளைப் பார்ப்பார்கள். குழந்தைகளோ நேரே தரைக்குத்தான் போவார்கள். பார்க், தெப்பக்குளம், மிருகக்காட்சி சாலை என்று கீழே நாம் பரப்பி வைத்திருப்பதில்தான் அவர்களுக்கு ஆசை. அதிலும் ஏதாவது ஒன்று அசைந்துவிட்டால் போதும், சுண்டலைக்கூட மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

அசையும் செட்டுகள் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கின்றன. ஆனால் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்! வீட்டில் கிடக்கும் சாமான்களோடு ஒரு சின்ன மோட்டாரை மட்டும் வாங்கினால், ஒரு காட்சியை இருநூறு ரூபாய்க்குள் அசைய வைத்துவிடலாம். ஐந்தாறு வருஷமாக நானே செய்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் மாமியார் போட்ட ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். "எது வேணாலும் சுத்தட்டும். சாமியை மட்டும் ராட்டினமாக்கிடாதேம்மா" என்றார். அது எனக்கும் சரியென்றே பட்டது. கலசம், மரப்பாச்சி, படியில் இருக்கும் தெய்வங்கள் எல்லாம் நிலையாகவே இருக்கட்டும். சுற்றி இருக்கும் உலகம்தான் அசைய வேண்டும். இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. மண் பொம்மைகள் கனமானவை. சின்ன மோட்டாரால் அவற்றைத் தூக்க முடியாது, விழுந்தால் உடைந்தும் போகும். அதனால் அசையும் பொம்மைகளுக்குக் காகிதக்கூழ், அட்டை, துணி, தெர்மோகோல் இவையே நல்லது.

எந்த மோட்டார்?

எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடையில் 'பி.ஓ. மோட்டார்' என்று கேளுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் பிராஜெக்டுக்கு வாங்குவார்களே, மஞ்சள் நிறத்தில், தீப்பெட்டியை விடச் சற்று நீளமாக, அதுதான். உள்ளேயே பல் சக்கரங்கள் இருப்பதால் நிதானமாகச் சுற்றும். நிமிஷத்துக்கு 60, 100, 150, 300 சுற்று என்று பல வேகங்களில் வரும். நமக்கு 60 போதும். கூடவே அதற்குப் பொருந்தும் பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியபோது இரண்டும் சேர்ந்து நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

பழைய பொம்மைக் காரிலிருந்து கழற்றிய வெறும் மோட்டாரை அப்படியே மாட்ட வேண்டாம். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். பாற்கடல் மிக்ஸியாகிவிடும்!

இந்த மோட்டாருக்கு 3 முதல் 6 வோல்ட் போதும். இரண்டு பென்சில் பேட்டரி சேர்ந்தால் 3 வோல்ட், மூன்று சேர்ந்தால் நாலரை. வோல்ட் குறைந்தால் வேகமும் குறையும். ஒன்பது நாளும் பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாது என்றால், பழைய செல்போன் சார்ஜரைத் தேடி எடுங்கள். அதன்மேல் 'அவுட்புட் 5 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஒயரில் போனில் செருகும் முனையை மட்டும் வெட்டினால் உள்ளே மெல்லிய ஒயர்கள் தெரியும். சாதாரணமாகச் சிவப்பும் கறுப்பும்தான் கரெண்ட் வருபவை. அவற்றை மோட்டாரின் இரண்டு காதுகளிலும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பச்சை, வெள்ளை ஒயர்கள் இருந்தால் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். இதையெல்லாம் செய்யும்போது சார்ஜர் பிளக்கில் இருக்கக் கூடாது.

பாற்கடல் கடைதல்

தேவை: மோட்டார், சக்கரம், ஷூ வந்த அட்டைப் பெட்டி, ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டைக் குழல், கறுப்பு மஞ்சள் கம்பளி நூல், ரப்பர் பேண்ட், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி.

பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் கம்பியை நேராக நிறுத்தி, குழலை அதில் மாட்டினால் அதுதான் மந்தர மலை. கையால் தொட்டால் லேசாகத் திரும்ப வேண்டும். பெட்டியின் ஒரு ஓரத்தில் மோட்டாரை உள்ளே ஒட்டி, அச்சு மட்டும் மேலே வரும்படி துளை போட்டு, சக்கரத்தைப் படுக்கையாக மாட்டுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஸ்குரூவை நிறுத்துங்கள்.

கம்பளியை முறுக்கிப் பாம்பாக்குங்கள். ஒரு முனையை அந்த ஸ்குரூவில் தளர்வாகக் கட்டி, குழலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையை ரப்பர் பேண்டில் கட்டி, பெட்டியின் எதிர் ஓரத்தில் மாட்டிவிடுங்கள். பாம்பு நழுவாமல் இருக்கக் குழலில் ஒரே ஒரு இடத்தில் கம் தொட்டு வையுங்கள்.

இப்போது சக்கரம் சுற்றினால், ஸ்குரூ கயிற்றை ஐந்து சென்டிமீட்டர் இழுக்கும், பிறகு விடும். விடும்போது ரப்பர் பேண்ட் தன் பக்கம் இழுக்கும். மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. ஆனால் மலை மட்டும் இப்படியும் அப்படியுமாகத் திரும்பும். தயிர் கடைவது போலவே இருக்கும்! இதற்கு இரண்டு பேட்டரி வேகமே அழகு. வால் பக்கம் தேவர்கள், தலைப் பக்கம் அசுரர்கள். பொம்மைகளைப் பெட்டியில் ஒட்டி, கயிறு அவர்கள் கைகளின் மேல் உரசாமல் ஓடும்படி வையுங்கள். மோட்டார் சக்கரத்தின்மேல் அட்டைப் பாறை ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் யாருக்கும் ரகசியம் தெரியாது. இதே வித்தையில் கண்ணன் தொட்டிலையும் ஆட்டலாம்.

அண்ணாமலை கிரிவலம்

இது சுற்றும் காட்சி. பழைய சி.டி. இரண்டை எடுத்து, நடுவே 10 சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டை வட்டம் வைத்து ஒட்டினால், ஓரத்தில் பள்ளத்தோடு ஒரு கப்பி கிடைக்கும். அதன் மையத்தில் பழைய பால்பாயிண்ட் பேனாக் குழலை ஒட்டி, நிறுத்தி வைத்த ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டுங்கள். மோட்டார் அச்சில் 2 சென்டிமீட்டர் நூல் உருளையைப் பொருத்தி, இரண்டையும் பெரிய ரப்பர் பேண்டால் இணையுங்கள். 10-ஐ 2-ஆல் வகுத்தால் ஐந்து. ஆக, வேகம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் 60 சுற்றுச் சுற்றினால் நம் தட்டு 12 தான் சுற்றும்.

அட்டை மலையைக் கம்பியின் உச்சியில் ஒட்டுங்கள். கம்பி சுற்றாது, மலையும் அசையாது. பக்தர்களை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒட்டினால், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஐந்து விநாடியில் முடித்துவிடுவார்கள்! பக்தர்களின் வலக்கை மலைப் பக்கம் இருக்க வேண்டும். மோட்டார் இடமாகச் சுற்றினால் கவலை வேண்டாம். சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாற்றிக் கட்டினால் தானாக வலம் வரும்.

மோட்டாரே வேண்டாம் என்பவர்களுக்குத் தஞ்சாவூர் நடனமாடும் பொம்மை இருக்கிறதே! தலையும் இடுப்பும் கம்பி முனையில் தாங்கி நிற்பதால், ஃபேன் காற்றுக்கே ஆடும்.

இளம் தாய்மார்கள் கவனிக்க

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள்.

பொட்டு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரி, கொலுவில் வைக்கும் பல மின்னும் விளக்குகளில் இருக்கிறது. குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை உள்ளே வெந்து போகச் செய்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூடியில் ஸ்குரூ இல்லாத விளக்கை வாங்கவே வேண்டாம். சின்னக் காந்த மணிகளும் அப்படித்தான். இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும்.

வீட்டு மெயின் கரெண்டில், அதாவது 230 வோல்ட்டில் நேராக ஓடும் மோட்டாரைக் குழந்தை கைக்கெட்டும் தரையில் வைக்காதீர்கள். தெப்பக்குளம் வைத்தால் சார்ஜரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தண்ணீரிலிருந்து தள்ளி, உயரத்தில் இருக்கட்டும். தெர்மோகோலும் பஞ்சும் நொடியில் தீப்பிடிப்பவை. குத்துவிளக்குக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். மோட்டார் சுற்றாமல் முனகினால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சூடேறும். ராத்திரி படுக்கப் போகும்முன் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம்

தாம்பூலம் வாங்க வருபவர்கள் தவறாமல் கேட்பார்கள், "யார் செஞ்சு குடுத்தாங்க, உங்க வீட்டுக்காரரா?" என்று. "நான்தாங்க" என்றால் நம்ப மாட்டார்கள். தையல் மிஷினில் பெல்ட் மாட்டுகிறோம், மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றுகிறோம், குக்கர் வெயிட்டைச் சரி பார்க்கிறோம். அந்தக் கைக்கு இந்த ரப்பர் பேண்ட் பெரிய விஷயமா, சொல்லுங்கள்? எட்டாவது படிக்கும் என் மகள் இப்போது ஒயர் முறுக்குவதில் என்னை மிஞ்சிவிட்டாள். இந்த வருஷக் காட்சி அவளுடையதுதான். ஸ்குரூ டிரைவர் யார் கைக்கும் பொருந்தும் என்பதை நான் அவளுக்கு உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் புத்தகங்களோடு என் ஸ்குரூ டிரைவர், கத்தரி, கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அன்று மோட்டாருக்கும் லீவு. விஜயதசமி முடிந்து பொம்மைகளைக் கட்டி வைக்கும்போது, மறக்காமல் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து எல்லாவற்றையும் அரித்துவிடும். ரப்பர் பேண்டையும் எடுத்துவிடுங்கள். மோட்டாரைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, எந்தக் காட்சிக்கு உரியது என்று சீட்டு எழுதி வைத்தால், அடுத்த நவராத்திரிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.