சோதித்துப் பார்க்கும் பழக்கம் முதற் பாடத்திலேயே வேண்டும்

செய்நிரல் எழுதப் பழகும் எமது மாணவர்கள் பலர், திரையில் சரியான விடை ஒருமுறை தோன்றியதும் பணி முடிந்ததாகக் கருதுகின்றனர். இது ஆபத்தான பழக்கமாகும். 1996 ஜூன் 4 ஆம் திகதி பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஏரியன் 5 ரொக்கெட், ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4 இல் பிழையின்றி இயங்கிய செய்நிரற் பகுதியொன்று, புதிய ரொக்கெட்டின் பறப்புப் பாதையைக் கொண்டு சோதிக்கப்படாமலேயே அதில் பயன்படுத்தப்பட்டிருந்தது. 16 பிட்டினுள் அடங்காத எண்ணொன்றை அதனுள் அடக்க முற்பட்டபோது அப்பகுதி செயலிழந்தது.

பொருள் நோக்குச் செய்நிரலாக்கம் பயில்வோர், வங்கிக் கணக்கு ஒன்றை 'வகுப்பாக' எழுதிப் பார்க்கலாம். மீதியும், வைப்பும், மீளப்பெறலும் அதனுள் ஒருங்கே அமையும். 1,000 ரூபா மீதியிருக்க 1,500 ரூபா கோரினால் அது மறுக்கின்றதா? இவ்வினாவைத் தானாகவே எழுப்பி விடையைச் சரிபார்க்கும் சிறு செய்நிரலே அலகுச் சோதனை. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் அதனை இயக்குதல் வேண்டும். தேறிய நிலையை, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கிய 'கிட்' போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் குறிப்புடன் பதிந்துவைத்தால், பின்னர் பிழை நேரினும் அந்நிலைக்கு மீளலாம்.

கிட் இலவசமானது, இணைய வசதியற்ற கணினியிலும் இயங்கும். எனவே, இம்மூன்றையும் தொடக்கத்திலிருந்தே இணைத்துக் கற்பிக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம்.