உலோக வாய்க்காலிற் செல்லும் மின்கம்பி: விதிகளின் சமூக அடிப்படை

மின்கம்பி விதிகளைத் தொழில்நுட்பவியலாருக்கு மட்டுமே உரியனவாகக் கருதும் மரபு நம்மிடையே உண்டு. ஆயின் விதிகளுக்கும் வரலாறு உண்டு. வர்க்கச் சார்பும் உண்டு. இலங்கையிற் பொதுவாகப் பின்பற்றப்படும் பிரித்தானிய விதிகளின் மூலத்தொகுப்பு 1882 இல் வெளிவந்தபோது, மின்னொளியால் நேரும் தீவிபத்தைத் தடுத்தலையே தலைப்பாகக் கொண்டிருந்தது. உடைமையின் பாதுகாப்பே அதன் முதற் கவலை.

தொழிலாளர் ‘ட்ரங்கிங்’ என வழங்கும் மூடியிட்ட இரும்பு வாய்க்காலுள், ஒரு சுற்றின் உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் ஒருங்கே செல்லுதல் வேண்டும். எதிரெதிர்த் திசைகளில் ஓடும் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைப் பிரித்தால் இரும்பிற் சுழிப்போட்டம் தோன்றி வாய்க்கால் சூடேறும். குறுக்குப்பரப்பில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேற் கம்பி நிரப்புதலும் ஆகாது. வெப்பம் வெளியேறாது, இழுக்கையிற் காப்புறையும் சிதையும்.

சுருவில் போன்ற தீவகக் கிராமங்களிற் பிரச்சினை கூர்மையடைகின்றது. உப்புக்காற்று நாகப்பூச்சை அரிக்க, மூட்டுகளில் துருவேறிப் புவித்தொடர்பு அறுந்துவிடலாம். மூட்டுக்கு மூட்டு செப்புப் பட்டியால் இணைக்கப்படாவிடின், உள்ளே காப்புறை கிழிந்ததும் துண்டிக்கப்பட்ட பகுதி 230 வோல்ற்று ஏறிய இரும்பாகிவிடும், உருகியும் அறாது. கடலோரக் கட்டடங்களுக்குப் பிளாஸ்திக்குக் குழாயே ஏற்றது என்பது என் எண்ணம். பட்டியைத் தவிர்த்து மிச்சம்பிடிக்கும் சில ரூபாய் ஒப்பந்தகாரரைச் சேரும். பின்னொரு நாள் பழுதுபார்க்க ஏணியில் ஏறி அவ்விரும்பைத் தொடுபவனோ நாட்கூலித் தொழிலாளி. 30 மில்லியம்பியர் கசிவிலேயே விழும் ‘ட்ரிப் சுவிச்சு’ அவனைக் காக்கக்கூடும். நிரந்தர இணைப்புக்கு முன்னரே, கட்டட வேலைக்கு எடுக்கும் தற்காலிக இணைப்பிலும் அதைப் பொருத்துமாறு தொழிலாளர் கேட்டுப் பெறல் வேண்டும்.